மாடு தின்றதில் எவ்வளவு மிஞ்சுகிறது: எரிசக்தி இழப்பை அளக்கத் தொடங்குபவர்களுக்கு

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் சோதனைச் சாவடி தாண்டிக் கொழிஞ்சாம்பாறைக்கு வரும் சோளத்தட்டில் ஒரு கிலோவை ஈரம் போக உலர்த்தி எரித்தால் ஏறத்தாழ 18 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். ஒரு கிலோ மக்காச்சோளத்தை அதேபோல உலர்த்தி எரித்தாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனாலும் கறவை வைத்திருக்கும் எவரும் தட்டுக்கும் தானியத்துக்கும் ஒரே விலை கொடுக்க மாட்டார்கள். தட்டைத் தின்ற மாடு அதில் பாதிக்குப் பக்கத்தைச் சாணமாகவே போட்டுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். சாணத்தில் போவது எவ்வளவு, அதன் பிறகு சிறுநீரிலும் ஏப்பத்திலும் உடல் வெப்பத்திலும் கழிவது எவ்வளவு என்று எண்ணில் சொல்வதுதான் கால்நடை ஊட்டச்சத்து ஆய்வின் எரிசக்திக் கணக்கு.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு விளிம்பில் இருக்கும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் கால்நடைப் படிப்புக்காகத் திருச்சூர் மண்ணுத்திக்கும் போகிறார்கள், நாமக்கல்லுக்கும் போகிறார்கள். சிலர் ஆய்வுத் திட்டங்களில் உதவியாளராகச் சேர்கிறார்கள். தொழுவம் இவர்களுக்குப் புதிதல்ல. மாட்டின் காதசைவைப் பார்த்தே காய்ச்சல் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் வீட்டில் குத்துமதிப்பாகப் போட்டுப் பழகிய வைக்கோலைக் கிராம் கணக்கில் எழுதச் சொல்லும்போது தடுமாற்றம் வருகிறது. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருபவர்கள் எல்லோருக்கும், ஏப்பத்தில் போகும் மீத்தேன் வாயுவை அளக்கும் கருவியின் மேல்தான் கண். சாண வாளியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிழையின் பெரும்பங்கு அந்த வாளியில்தான் இருக்கிறது. ஏன் என்று கணக்கே காட்டும்.

நான்கு இடங்களில் கழிவது

தீவனத்தை முழுவதுமாக எரித்தால் வரும் வெப்பம் மொத்த எரிசக்தி. அதில் சாணத்தில் போனதைக் கழித்தால் செரிமான எரிசக்தி. அதிலிருந்து சிறுநீரில் போனதையும் மீத்தேனாகப் போனதையும் கழித்தால் வளர்சிதை எரிசக்தி. அதிலும் தீவனத்தைச் செரித்துப் பயன்படுத்தும் வேலையில் உண்டாகும் கூடுதல் வெப்பம் போனால் மிஞ்சுவது நிகர எரிசக்தி. மாடு உயிரோடு நிற்பதும், வளர்வதும், பால் கறப்பதும் இந்த மிச்சத்தில்தான். பாலில் வெளியேறும் எரிசக்தியைப் புதியவர்கள் சிலர் இழப்புப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அது விளைச்சல், இழப்பு அல்ல. 4 சதவீதக் கொழுப்புள்ள ஒரு கிலோ பாலில் சுமார் 3.1 மெகாஜூல் இருக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஆனால் நிஜத்தில் வரக்கூடிய அளவுக்குள் இருப்பவை. 300 கிலோ எடையுள்ள ஒரு காளை, வைக்கோலும் அடர்தீவனமும் சேர்த்து நாளுக்கு 6 கிலோ உலர்பொருள் (ஈரம் நீக்கிய எடை) தின்கிறது. கிலோவுக்கு 17.5 மெகாஜூல் என்றால் உள்ளே போனது 105 மெகாஜூல். சாணத்தின் உலர்பொருள் 2.6 கிலோ, கிலோவுக்கு 17 மெகாஜூல். ஆகவே சாணத்தில் போனது 44.2. மிச்சம் 60.8. சிறுநீரில் 4.2. மீத்தேன் 130 கிராம். ஒரு கிராம் மீத்தேனில் 55.65 கிலோஜூல் இருப்பதால் அது 7.2 மெகாஜூல். இப்போது கையில் இருப்பது 49.4. உயிர் வாழ்வதற்கான வெப்பமும் சேர்த்து உடல் வெளியிட்ட மொத்த வெப்பம் 43.4 என்று வைத்துக்கொண்டால், உடலில் தங்கியது 6.0 மெகாஜூல்.

இப்போது பிழையைப் போட்டுப் பாருங்கள். மீத்தேன் அளவில் 5 சதவீதம் தவறினால் 0.36 மெகாஜூல் புரளும். சாணத்தில் அதே 5 சதவீதம் தவறினால் 2.2 மெகாஜூல் புரளும். உடலில் தங்கியதாக நாம் சொல்லும் 6 மெகாஜூலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போய்விட்டது. தொட்டிக்கு வெளியே மாடு தட்டிவிட்ட 200 கிராம் வைக்கோலை யாரும் கவனிக்காமல் பெருக்கித் தள்ளிவிட்டால், தின்னாத சுமார் 2.8 மெகாஜூலை அது தின்றதாக எழுதிவிடுகிறோம். சிறுநீரும் மீத்தேனும் சிறிய பங்குகள். அவற்றில் வரும் பிழையும் சிறியதாகவே நிற்கும். தீவனமும் சாணமும் பெரிய பங்குகள். பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சிறிய எண்ணைப் பிடிக்கிற வேலை இது என்பதை மறக்கவே கூடாது.

வைக்கோலிலிருந்து தொடங்குங்கள்

மாட்டைத் தொடும் முன் இரண்டு வேலை. ஒன்று, நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். மற்றது, பரிசோதனை முழுவதற்கும் தேவையான உலர்தீவனத்தை ஒரே தடவையில், ஒரே இடத்திலிருந்து வாங்கி வைத்துவிட வேண்டும். பாலக்காட்டில் முதல் போக அறுவடை பெரும்பாலும் மழையில் மாட்டிக்கொள்ளும். அந்த வைக்கோல் நனைந்து, கறுத்து, பூஞ்சை வாசம் அடிக்கும். இரண்டாம் போகத்து வைக்கோல் தை, மாசியில் வெயிலில் காய்ந்து பொன்னிறமாக வரும். பாதிப் பரிசோதனையை ஒன்றிலும் மீதியை மற்றதிலும் நடத்தினால், நீங்கள் அளந்தது மாட்டையா மழையையா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

நெல் வைக்கோலில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் கனிமம், அதிகம். சாம்பல் மட்டுமே 15 சதவீதத்துக்கு மேல் போகும். சாம்பல் எரியாது. அதனால் அதன் மொத்த எரிசக்தி சோளத்தட்டைவிடக் குறைவு. உலர்பொருள் கிலோவுக்கு 15.5 மெகாஜூல் என்று வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள். புத்தகத்தில் பொதுவாகத் தீவனத்துக்கு 18.4 என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வைக்கோலுக்கும் அதையே எழுதுவதுதான் தவறு.

வைக்கோலை நறுக்கிப் போடுங்கள். முழுதாகப் போட்டால் மாடு இலையை உருவித் தின்றுவிட்டுத் தண்டை விட்டுவிடும். மறுநாள் காலையில் தொட்டியில் கிடக்கும் மிச்சம், நேற்றுப் போட்ட வைக்கோலே அல்ல. அதன் ஒரு பகுதி மட்டும். ஆகவே மிச்சத்தை எடை போட்டால் போதாது. அதிலிருந்து தனியாக மாதிரி எடுத்து, தனியாக உலர்த்தி, தனியாக எரிக்க வேண்டும். தவிடும் புண்ணாக்கும் கலந்து கொடுக்கும் இடங்களில் மிச்சத்தில் எது எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. அடர்தீவனத்தை முதலில் தனியாகக் கொடுத்து, தின்று முடித்ததைப் பார்த்துவிட்டு வைக்கோல் போடுவது நல்லது. வீட்டுப் பழக்கத்தில் கழுநீரில் புண்ணாக்கைக் கரைத்து வைத்துவிடாதீர்கள். கழுநீரும் தீவனம்தான், அதற்குக் கணக்கு இல்லை.

புதுத் தீவனத்துக்கு மாட்டின் அசையிரைப்பையில், அதாவது தீவனம் நொதிக்கும் பெரிய வயிற்றறையில், வாழும் நுண்ணுயிர்கள் பழக இரண்டு முதல் மூன்று வாரம் வேண்டும். வைக்கோல் சார்ந்த தீவனத்துக்கு மூன்று வாரத்தைக் குறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. பழக்கும் காலத்தின் கடைசி நாட்களில் மாடு தின்னும் அளவு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அப்படி நிற்கவில்லை என்றால் நாட்காட்டியைப் பார்க்காமல் இன்னும் சில நாள் தள்ளிப் போடுங்கள். பிறகு ஐந்து முதல் ஏழு நாள் சேகரிப்பு.

இதற்குக் காளைகளையே தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் எளிது. காளையின் சிறுநீர் வயிற்றுக்கடியில் விழுகிறது, சாணம் பின்னால் விழுகிறது; இரண்டும் கலக்காமல் பிடிக்கலாம். பசுவுக்குச் சிறுநீர்க் குழாய் செருக வேண்டிவரும். அது பயிற்சி பெற்ற மருத்துவர் செய்ய வேண்டிய வேலை.

சாண வாளி

காலை எட்டு மணி என்று வைத்துக்கொண்டால் தினமும் எட்டு மணியேதான். முந்தைய 24 மணி நேரச் சாணம் முழுவதும் மூடியுள்ள வாளியில் இருக்க வேண்டும். தரையில் பரந்து கிடக்கக் கூடாது. மேலே சொன்ன காளை நாளுக்குச் சுமார் 14 கிலோ ஈரச் சாணம் போடும். 10 கிராம் துல்லியமுள்ள தராசில் எடை போட்டு, எழுதி, அந்த நிமிடமே வாளியை அடிவரை புரட்டிக் கலக்கி மாதிரி எடுக்க வேண்டும். எடை போடுவதும் மாதிரி எடுப்பதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டிய வேலைகள்.

இது பாலக்காட்டில் கூடுதல் முக்கியம். மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து காற்று கிளம்பினால் கொடியில் போட்ட ஈரத்துணி கண்முன்னே காயும். திறந்து கிடக்கும் சாணத்தின் மேல் அரை மணியில் தோல் கட்டிவிடும். விரலால் அழுத்தினால் மேலே வெடிப்பு, உள்ளே பச்சை ஈரம். எட்டு மணிக்கு எடை போட்டுவிட்டுத் தேநீருக்குப் போய், பதினொரு மணிக்கு வந்து மேலாக்கில் ஒரு கரண்டி எடுத்தால் என்ன ஆகும்? எடை போட்டபோது உலர்பொருள் 18 சதவீதம், 14.4 கிலோவில் 2.59 கிலோ. காய்ந்த மேற்பகுதி மாதிரி 20 சதவீதம் என்று காட்டும், அதே 14.4 கிலோவுக்கு 2.88 கிலோ என்று எழுதுவீர்கள். வித்தியாசம் 0.29 கிலோ, அதாவது ஏறத்தாழ 4.9 மெகாஜூல். நம் காளையின் உடலில் தங்கிய மொத்தமே 6 மெகாஜூல் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தேநீருக்கு இது கொஞ்சம் அதிக விலை.

தினசரி மாதிரியை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பங்கு அன்றே 100 முதல் 105 டிகிரி அடுப்பில், எடை மாறாமல் நிற்கும் வரை. இது உலர்பொருள் கணக்குக்கு. மற்றப் பங்கு, தினமும் மொத்தச் சாணத்தின் அதே விகிதத்தில் எடுக்கப்பட்டு, உறைபெட்டியில் ஒன்றாகச் சேர வேண்டும். ஒரு சதவீதம் என்று முடிவு செய்தால் ஏழு நாளும் ஒரு சதவீதம். சாணம் அதிகம் போட்ட நாளில் மாதிரியும் அதிகம். சேகரிப்பு முடிந்ததும் இந்தத் தொகுப்பைக் கலக்கி 60 முதல் 65 டிகிரியில் மெல்ல உலர்த்தி அரைக்க வேண்டும். எரித்துப் பார்க்க வேண்டிய மாதிரியை 100 டிகிரியில் வாட்டக் கூடாது. ஆவியாகக்கூடிய பொருள்கள் அதற்குள் பறந்துவிடும். நைட்ரஜன் அளக்க வேண்டுமென்றால் அமிலம் சேர்த்த ஈரச் சாண மாதிரி தனியாக இருக்கட்டும். உலர்த்தும்போது அமோனியா போய்விடுகிறது.

எந்த மாட்டின் சாணம் என்பதை மூடியின் மேல் எழுதாதீர்கள், வாளியின் மேல் எழுதுங்கள். மூடி மாறிவிடும். எல்லைப் பகுதிப் பண்ணையில் தொழுவ வேலைக்கு ஒருவர் தமிழ் படித்தவராக, மற்றவர் மலையாளம் மட்டுமே படித்தவராக இருப்பார். மாட்டுக்குப் பெயர் வைத்து எழுதுவதைவிட எண்ணும் வண்ணமும் போதும்: நீல வாளி 3, சிவப்பு வாளி 4. இரவுப் பணியில் இருக்கும் அண்ணனிடம் மரியாதையாகப் பேசிப் பழகுங்கள். இரண்டு மணிக்கு மாடு போட்ட சாணத்தைப் பக்கத்து மாடு மிதிக்கும் முன் அள்ளுபவர் அவர்தான். உங்கள் ஆய்வின் துல்லியத்தில் பாதி அவருடைய தூக்கத்தில் இருக்கிறது.

மேய்ச்சல் மாட்டிலும், முழுச் சாணத்தையும் சேகரிக்க முடியாத இடங்களிலும், தீவனத்திலேயே இருக்கும் செரிக்காத ஒரு பொருளை அடையாளமாக வைத்துக் கணக்கிடுவது உண்டு. அமிலத்தில் கரையாத சாம்பல் அவற்றுள் ஒன்று. மலிவான முறை, ஆனால் மாடு மண்ணை நக்கினாலோ, சாணத்தோடு தரைமண் சேர்ந்து வந்தாலோ கணக்கு குட்டிச்சுவர். சித்தூர்க் கரிசல் மண்ணில் மேயும் மாட்டுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவு இல்லை.

சிறுநீர்

மொத்த எரிசக்தியில் 3 முதல் 5 சதவீதம்தான் இதில் போகும். சிறுநீரில் இருக்கும் எரிசக்தி பெரும்பாலும் யூரியாவிலும், நார்த்தீவனம் தின்னும் மாட்டில் ஹிப்யூரிக் அமிலத்திலும் இருக்கிறது. யூரியா உடைந்து அமோனியாவாகப் பறக்காமல் இருக்க, சேகரிக்கும் கலத்தில் முன்கூட்டியே நீர்த்த கந்தக அமிலம் ஊற்றி, பிஎச் அளவு 3க்குக் கீழே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். தண்ணீர்த் தொட்டி சிந்திச் சிறுநீர்க் கலத்தில் கலக்காதபடி தொட்டியின் இடத்தையும் பார்த்து வையுங்கள். எரித்துப் பார்க்கச் சிறுநீரை முதலில் உலர்த்த வேண்டும். எரிசக்தி ஏற்கெனவே அளந்து தெரிந்த பாலிதீன் உறையிலோ வடிதாளிலோ ஊற்றி, உறைநிலை உலர்த்தியில் காயவைத்து, உறையோடு சேர்த்து எரித்து, உறையின் பங்கைக் கழித்துவிடுவது வழக்கம்.

எரித்துப் பார்ப்பது

பாம் கலோரிமீட்டர் என்பது தடித்த உருக்குக் கலம். உள்ளே ஒரு கிராம் அளவு மாதிரி, சுமார் 30 வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன், பற்றவைக்க ஒரு மெல்லிய கம்பி. கலம் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். தண்ணீர் எத்தனை டிகிரி சூடேறியது என்பதிலிருந்து எரிசக்தி கிடைக்கிறது. ஒரு டிகிரிக்கு எவ்வளவு வெப்பம் என்பதைக் கருவி தானாகச் சொல்லாது. அதற்காகத்தான் முதலில் பென்சோயிக் அமில வில்லையை எரிக்கிறோம். அதன் எரிசக்தி கிராமுக்கு 6318 கலோரி, அதாவது சுமார் 26.43 கிலோஜூல். புதிய கம்பிச்சுருள் வாங்கினாலும், கலத்தின் ரப்பர் வளையத்தை மாற்றினாலும் பென்சோயிக் அமிலத்தைத் திரும்ப எரித்துப் பாருங்கள். கம்பி எரிந்த வெப்பத்தையும், கலத்துக்குள் உண்டாகும் நைட்ரிக் அமிலத்தின் வெப்பத்தையும் கழிக்க வேண்டும்.

வைக்கோல் தூளை அப்படியே கிண்ணத்தில் போட்டு ஆக்சிஜனை வேகமாகத் திறந்தால் தூள் பறந்து கலத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அது எரியாது. ஆகவே அரைத்த மாதிரியை அழுத்தி வில்லையாக்குங்கள், ஆக்சிஜனை மெல்லத் திறவுங்கள். எரிந்து முடிந்து கலத்தைத் திறந்ததும் முதலில் கிண்ணத்தைப் பாருங்கள். நெல் வைக்கோல் என்றால் வெள்ளையும் சாம்பலும் கலந்த எலும்புக்கூடு போன்ற சிலிக்கா மிச்சம் இருக்கும், அது சரி. கறுப்புக் கரி படிந்திருந்தால் எரிதல் முழுமையாகவில்லை. திரையில் என்ன எண் வந்தாலும் அந்த ஓட்டத்தைத் தள்ளிவிடுங்கள். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு முறை எரித்து, இரண்டும் ஒரு சதவீதத்துக்கு மேல் விலகினால் மூன்றாவது முறையும் எரிக்க வேண்டும்.

மீத்தேன்

மாட்டு மீத்தேன் என்றதும் எல்லோரும் பின்பக்கத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பெரும்பகுதி வாய் வழியாக, ஏப்பத்தில் போகிறது. அசையிரைப்பையில் நார்ப்பொருள் நொதிக்கும்போது ஹைட்ரஜன் வெளியாகிறது. அங்கே வாழும் ஆர்க்கியா வகை நுண்ணுயிர்கள் அந்த ஹைட்ரஜனையும் கார்பன் டையாக்சைடையும் சேர்த்து மீத்தேனாக மாற்றுகின்றன. பெருங்குடலில் உண்டாகும் சிறு பங்கில்கூடப் பாதிக்கு மேல் இரத்தத்தில் கலந்து மூச்சில்தான் வெளியே வருகிறது. பொதுவாக மொத்த எரிசக்தியில் 5 முதல் 8 சதவீதம் இப்படிப் போகும். தட்பவெப்ப மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் கணக்கில் நார்த்தீவனம் தின்னும் மாட்டுக்கு 6.5 சதவீதம் என்ற எண் நெடுங்காலம் புழங்கியது. நம் மாதிரிக் காளைக்கு 6.9 வருகிறது, பரவாயில்லை.

நம்பகமான முறை சுவாச அறை. மாட்டை ஓர் அறையில் நிறுத்தி, உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் அளப்பது. அறையின் அழுத்தம் வெளியைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும்; ஓட்டை இருந்தால் காற்று உள்ளே வரட்டும், மாட்டின் மூச்சு வெளியே கசியக் கூடாது. மாட்டை ஏற்றும் முன், எடை தெரிந்த வாயுவை அறைக்குள் விட்டு எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பாருங்கள். விட்டதற்கும் கிடைத்ததற்கும் சில சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் அறையைச் சரிசெய்யாமல் மாட்டை ஏற்றக் கூடாது. இன்னொரு சங்கதி, மாடு தனியாக நின்றால் தின்னாது. பக்கத்து அறையில் இன்னொரு மாடு கண்ணாடி வழியே தெரியும்படி இருந்தால் அமைதியாக அசை போடும். பழக்காமல் ஏற்றிய மாடு தீவனத்தில் பாதியை விட்டுவிடும். அன்றைய மீத்தேன் அளவு எதற்கும் உதவாது.

அறை இல்லாதவர்களுக்கு சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு முறை இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்டது. இந்த வாயுவை மெல்லக் கசியவிடும் சிறு குழாயை அசையிரைப்பையில் இட்டு, மாட்டின் மூக்கருகே நுண்குழாய் வைத்து, கழுத்தில் தொங்கும் வெற்றிடக் கலத்தில் 24 மணி நேரக் காற்றைச் சேர்க்கிறார்கள். கசியும் வேகம் முன்பே தெரிந்ததால், இரண்டு வாயுக்களின் விகிதத்திலிருந்து மீத்தேன் அளவு வந்துவிடும். குழாயைப் பல வாரம் 39 டிகிரி வெப்பத்தில் வைத்து, எடை போட்டுக்கொண்டே வந்து, கசிவு சீராக இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் மாட்டுக்குக் கொடுக்க வேண்டும். சுற்றுப்புறக் காற்றின் அளவைக் கழிக்க ஒரு கலத்தைத் தனியாக வைக்க வேண்டும். இங்கே திரும்பவும் கணவாய்க் காற்று வருகிறது: அந்தக் கலம் காற்று வரும் பக்கத்தில், மாடுகளுக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் மாடுகளின் மூச்சையே வெறுங்காற்று என்று கழித்துவிடுவீர்கள். பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனத்தில் மீத்தேன் ஆய்வு நடக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் அங்கே சில நாள் நின்று கையால் செய்து பாருங்கள்.

தீவனம் வைத்த ஒன்றிரண்டு மணியில் மீத்தேன் உச்சத்துக்குப் போகும்; விடியும் முன் அடங்கிவிடும். கைக்கருவியை மூக்கருகே நீட்டிச் சில நிமிடம் அளந்துவிட்டு 24 மணிக்குப் பெருக்குவது ஏமாற்று வேலை. மலிவு என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

வெப்பம்

மாட்டின் உடல் வெளியிடும் வெப்பத்தை நேரடியாக அளக்கும் கலோரிமீட்டர் அறைகளைப் பழைய நாட்களில் கட்டினார்கள். 1780களில் பிரெஞ்சு அறிவியலாளர்கள் லாவோசியேவும் லாப்ளாசும் சீமைப்பெருச்சாளி (கினிப்பன்றி) ஒன்றைப் பனிக்கட்டிக் கலத்தில் வைத்து உருகிய நீரை அளந்ததில் தொடங்கிய கதை அது. இன்று பெரும்பாலும் மறைமுகமாகவே அளக்கிறார்கள்: சுவாச அறையில் மாடு எடுத்த ஆக்சிஜன், விட்ட கார்பன் டையாக்சைடு, மீத்தேன் ஆகியவற்றோடு சிறுநீர் நைட்ரஜனையும் வைத்து, ப்ரூவர் என்ற ஆய்வாளர் 1965இல் தந்த சமன்பாட்டில் போடுவது.

வெப்பம் கிலோஜூலில் = 16.18 × ஆக்சிஜன் லிட்டர் + 5.02 × கார்பன் டையாக்சைடு லிட்டர் − 2.17 × மீத்தேன் லிட்டர் − 5.99 × சிறுநீர் நைட்ரஜன் கிராம்.

நம் காளைக்கு 2080 லிட்டர் ஆக்சிஜன், 2100 லிட்டர் கார்பன் டையாக்சைடு, 181.5 லிட்டர் மீத்தேன், 60 கிராம் நைட்ரஜன் என்று போட்டால் 43.4 மெகாஜூல் வரும். கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஆக்சிஜன்தான் மொத்தத்தையும் இழுக்கிறது என்பது உடனே தெரியும். சிறுநீர் நைட்ரஜனில் 10 கிராம் தவறினாலும் 60 கிலோஜூல்தான். ஆக்சிஜன் கருவியில் 2 சதவீதம் தவறினால் 670 கிலோஜூலுக்கு மேல். காற்றின் அளவைத் திட்ட வெப்பநிலை, அழுத்தத்துக்கு மாற்ற மறந்தால் அதைவிடப் பெரிய ஓட்டை விழும்.

இந்த 43.4 முழுவதும் தீவனத்தால் வந்த வெப்பம் அல்ல. மாடு பட்டினி கிடந்தாலும் உயிர் வாழ வெப்பம் வெளியிடும். தீவனத்தின் பங்கைப் பிரிக்க, ஒரே மாட்டுக்கு இரண்டு வெவ்வேறு அளவில் தீவனம் கொடுத்து வெப்ப வேறுபாட்டைப் பார்ப்பார்கள். பெரிய மாட்டையும் சிறிய மாட்டையும் ஒப்பிட உடல் எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி அதால் வகுக்க வேண்டும். உடலியங்கியல் ஆய்வாளர் மாக்ஸ் க்ளைபர் 1932இல் முன்வைத்த வழி இது. 300 கிலோவுக்கு அது சுமார் 72. மேலும், பங்குனி, சித்திரை வெயிலில் மூச்சிரைக்கும் மாட்டை அளந்தால் தீவனத்தையும் வெயிலையும் பிரிக்க முடியாது. அறையின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்த முடியாத பண்ணையில் இந்த வேலையைக் குளிர் மாதங்களுக்குத் தள்ளுங்கள்.

கோழி ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு வேலை குறைவு. எச்சத்திலேயே சிறுநீரும் சேர்ந்து வருவதாலும், மீத்தேன் பொருட்படுத்தத் தேவையில்லை என்பதாலும், எச்சத்தை அளந்தால் நேரே வளர்சிதை எரிசக்தி வந்துவிடும். இறகும் சிந்திய தீவனமும் எச்சத் தட்டில் விழாமல் பார்த்துக்கொள்வதே அங்கே பெரிய போராட்டம்.

எதில் தொடங்குவது

சுவாச அறையில் தொடங்காதீர்கள். இரண்டு காளைகள், ஒரே தீவனம்: நறுக்கிய நெல் வைக்கோலோடு தாது உப்பும், சிறு அளவு புண்ணாக்கும். எந்தப் புதுச் சேர்மானமும் வேண்டாம், எதையும் நிரூபிக்கவும் வேண்டாம். மூன்று வாரம் பழக்கி, ஏழு நாள் தீவனம், மிச்சம், சாணம் மூன்றை மட்டும் அளந்து உலர்பொருள் செரிமானத்தை, அதாவது தின்ற உலர்பொருளில் சாணத்தில் வராத பங்கை, கணக்கிடுங்கள். இப்படிப்பட்ட தீவனத்துக்கு 45 முதல் 55 சதவீதம் வரை வந்தால் அடுத்ததாகச் சிறுநீரைச் சேர்க்கலாம். 65, 70 என்று வந்தால் அதிசய வைக்கோல் கிடைத்துவிட்டது என்று மகிழ வேண்டாம். எங்கோ சாணம் காணாமல் போகிறது: வடிகாலில், மாட்டின் தொடையில், தரையின் வெடிப்பில், அல்லது இரவில் யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டதில். 30 என்று வந்தால் தொட்டி ஓரத்தைப் பாருங்கள். தின்னாமல் சிந்தியது சாணத்தோடு சேர்ந்து வாளிக்குள் போயிருக்கும். இரண்டு காளைகளுக்கும் எண் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகினால், வாளிகள் மாறிவிட்டனவா என்று முதலில் இரவுப் பணி அண்ணனிடம் கேளுங்கள். அதன் பிறகு கருவியைச் சந்தேகப்படலாம்.